கண்டுபிடித்தது யார்? ஆலந்தலைக் கரையில் ஒரு செயப்பாட்டுவினைப் பாடம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகும் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு எட்டு, ஒன்பது பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். பெரும்பாலும் கடல் தொழில் வீட்டுப் பிள்ளைகள். ஆங்கில இலக்கணத்தில் பிள்ளைகள் மிரளும் இடம் ஒன்று உண்டென்றால் அது 'பாஸிவ் வாய்ஸ்'. நம் தமிழில் செயப்பாட்டுவினை. அதை நடத்த எல்லாப் புத்தகமும் ஒரே வழியைத்தான் வைத்திருக்கிறது. விஞ்ஞானிகளையும் அவர்களுடைய கருவிகளையும் வரிசையாக அடுக்கிவிடுவார்கள். 'தி டெலிஃபோன் வாஸ் இன்வென்டட் பை கிரஹாம் பெல்.' 'தி ஸ்டீம் எஞ்சின் வாஸ் இன்வென்டட் பை ஜேம்ஸ் வாட்.' 'தி ரேடியோ வாஸ் இன்வென்டட் பை மார்கோனி.' கோடிட்ட இடத்தை நிரப்பினால் ஐந்து மதிப்பெண்.

வழி நல்ல வழிதான். பொருள் கண்ணுக்குத் தெரியும், காலம் தெரியும், செய்தவர் பெயர் தெரியும். ஆனால் அதில் இரண்டு சங்கடங்கள் இருக்கின்றன.

முதல் சங்கடம் நம் மொழியால் வருவது. தமிழில் 'கண்டுபிடித்தார்' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். இருந்ததைப் போய்ப் பார்த்தாலும் கண்டுபிடிப்பு, இல்லாததை உண்டாக்கினாலும் கண்டுபிடிப்பு. தொலைந்த ஆட்டைத் தேடிப் பிடித்தாலும் அதே சொல்தான். ஆங்கிலக்காரன் முன்னதை 'டிஸ்கவர்' என்றும் பின்னதை 'இன்வென்ட்' என்றும் பிரித்து வைத்திருக்கிறான். இதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால், 'கொலம்பஸ் இன்வென்டட் அமெரிக்கா' என்று எழுதுவார்கள். என் பணிக்காலத்தில் அந்த வாக்கியத்தைத் திருத்தாத வருடமே கிடையாது. நான் சொல்லும் வழி சுலபமானது. 'நம்ம அப்பா போகும் கடலில் ஒரு புது பார் இருக்கிறதைப் பார்த்தா டிஸ்கவர். அந்தப் பாரில் மீன் பிடிக்க ஒரு புதுத் தூண்டில் செஞ்சா இன்வென்ட்.' அப்புறம் யாரும் குழம்புவதில்லை.

இரண்டாவது சங்கடம் பெரியது. போன வருடம் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் பயிற்சித்தாளை முடித்துவிட்டுக் கேட்டான். "ஏன் சார், எல்லா 'பை'க்கும் பின்னாடி வெள்ளைக்காரன் பேருதான் வருது. நம்ம ஆளு ஒருத்தனும் ஒண்ணும் கண்டுபிடிக்கலையா?"

இதற்கு ஒரு ஆசிரியர் என்ன பதில் சொல்லுவது? இராவணனின் விமானம், சித்தர்களின் அணுகுண்டு என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதைச் சொன்னால் பையன் சந்தோஷப்படுவான். சந்தோஷத்துக்காகப் பொய் சொல்ல எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. நம் கரையிலேயே, சான்றுள்ள வரலாற்றிலேயே எடுத்துச் சொல்ல விஷயம் இருக்கும்போது பொய் எதற்கு?

அதற்கு முன், இந்த வாக்கிய அமைப்புப் பயிற்சி நம்மிடம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959இல் அன்றைய சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய இயக்கம் தொடங்கியது. ஆங்கிலம் கற்பிக்கும் தொடக்கநிலை ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்கு மறுபயிற்சி கொடுப்பது அதன் இலக்கு. பிரிட்டிஷ் கவுன்சில் துணை நின்றது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் திரும்பிப் போய்ப் பலருக்குப் பயிற்சி என்று உருட்ட உருட்டப் பெருக்கும் திட்டம். ஆகவே 'மெட்ராஸ் ஸ்னோபால்', அதாவது சென்னைப் பனிப்பந்து என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. பனியே விழாத ஊருக்குப் பனிப்பந்து என்று பெயர் வைத்தவரை என்ன சொல்ல! 'திஸ் இஸ் எ புக்', 'ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்' என்று கதவு வரைக்கும் நடந்துகொண்டே நாங்கள் சொன்ன வாக்கியங்களெல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. பிறகு 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்ற அறிஞர் பெங்களூரை மையமாக வைத்து, சென்னை முதலிய ஊர்ப் பள்ளிகளிலும் வேறொரு சோதனை நடத்தினார். இலக்கண விதியை முன்னே வைக்காமல், ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ பிள்ளைகள் கையில் கொடுத்து, அதிலிருந்து ஒரு கேள்விக்கு விடை தேட வைத்தார். மனசு விடையில் இருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் கணக்கு. வாக்கிய அமைப்பு ஒரு பக்கம், கையில் உண்மையான பொருள் ஒரு பக்கம், இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி.

சரி, நம் கரைக்கு வருவோம்.

பயிற்சித்தாளில் 'பிரின்டிங் வாஸ் இன்வென்டட் பை கூட்டன்பர்க்' என்று ஒரு வாக்கியம் இருக்கும். சீனாவில் பி ஷெங் என்பவர் 1040ஆம் ஆண்டை ஒட்டியே களிமண்ணில் தனித்தனி எழுத்துகள் செய்து அச்சிட்டார். கொரியாவில் உலோக எழுத்தில் அச்சான 1377ஆம் ஆண்டுப் புத்தகம் இன்றும் இருக்கிறது. கூட்டன்பர்க் வேலை செய்தது 1450ஐ ஒட்டி. ஐரோப்பாவில் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால்தான் அந்த வாக்கியம் நிமிர்ந்து நிற்கும். இதை முதலில் பிள்ளைகளைத் திருத்தி எழுதச் சொல்லுவேன்.

அடுத்துத்தான் நம் ஆட்கள் வருகிறார்கள். 1542இல் சவேரியார் இந்தியாவுக்கு வந்து, அந்த ஆண்டுக் கடைசியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி உட்கார வைத்து, செபங்களைத் தமிழில் ஆக்கி, தானே மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். அதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு அந்த மணியடித்துக் கூப்பிடும் காட்சி மிகவும் பிடிக்கும். பாடப்புத்தகம் இல்லாத வாத்தியார் வேறென்ன செய்வார்?

அந்தப் பாடப்புத்தகம் 1554இல் லிஸ்பனில் அச்சானது. தமிழ்ச் செபங்களை ரோமன் எழுத்தில், சிவப்பும் கறுப்புமான மையில் அச்சிட்டு, ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் மேலே அதன் போர்த்துக்கீசியப் பொருளைப் போட்டிருந்தார்கள். சொல்லுக்குச் சொல் பொருள் போட்ட இருமொழிப் புத்தகம்! இன்றைக்கு முப்பது நாளில் ஆங்கிலம் என்று பேருந்து நிலையத்தில் விற்கிறதே, அதற்குக் கொள்ளுத்தாத்தா. அதை ஆக்கியவர்களாக மூன்று பேர் பெயர் அதில் இருக்கிறது. விசென்தே, ஜோர்ஜ், தோமா. பெயர் போர்த்துக்கீசியமானாலும் ஆட்கள் நம் தமிழர்கள்.

பிறகு வருகிறவர் அண்டிரிக் அடிகளார். போர்த்துக்கலில் 1520இல் பிறந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ்தான் நம் மக்கள் வாயில் அண்டிரிக் ஆனார். 1547 முதல் இந்தக் கரையில் இருந்து, தமிழை முறையாகக் கற்று, இலத்தீன் இலக்கணத்தின் சட்டத்துக்குள் தமிழ் வேற்றுமைகளையும் வினைகளையும் வைத்து ஓர் இலக்கணம் எழுதினார். நாம் இன்று ஆங்கிலத்தோடு படும் பாட்டை அவர் நம் மொழியோடு பட்டார் என்று பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களுக்கு ஒரே ஆறுதல். கையெழுத்துப் படியாகவே நானூறு வருடத்துக்கு மேல் கிடந்த அந்த இலக்கணம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு 2013இல் ஹார்வர்டு வரிசையில் வெளிவந்தது. மொழிபெயர்த்த இருவரில் ஒருவர் வி. எஸ். ராஜம் என்ற தமிழ்ப் பெண் அறிஞர்.

1578 அக்டோபர் 20. கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் அது. மூலம் போர்த்துக்கீசியம். தமிழாக்கியவர்கள் அண்டிரிக் அடிகளாரும் மானுவேல் என்ற பாதிரியாரும். இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியர்களில் ஒருவரான பேரோ லூயிஸ் என்ற தமிழ்ப் பிராமணரும் அடிகளாரின் எழுத்துப் பணிக்கு உதவியவர். அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். ஓலையில் எழுதும் வழக்கப்படியே அந்த அச்சிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது.

இப்போது பாருங்கள், எத்தனை வினைச்சொல் கிடைக்கிறது! 'டைப்ஸ் வெர் காஸ்ட்' என்றால் எழுத்துகள் வார்க்கப்பட்டன. 'தி புக் வாஸ் டிரான்ஸ்லேட்டட்' என்றால் மொழிபெயர்க்கப்பட்டது. 'இட் வாஸ் பிரின்டட்' அச்சிடப்பட்டது. 'இட் வாஸ் பெய்ட் ஃபார் பை தி பரவாஸ்' பரதவர்களால் செலவு ஏற்கப்பட்டது. கடைசி வாக்கியத்தில் 'பை'க்குப் பின்னால் யார் பெயர் வருகிறது என்று அந்தப் பையனிடம் காட்டினேன். "காசு கொடுத்ததுதானே சார்" என்றான். விடமாட்டான். காசு கொடுக்க ஆளில்லாமல் போன கருவிகளின் கதை தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று என்று சொல்லிவைத்தேன்.

இந்த 'காஸ்ட்' என்ற சொல்லில் ஒரு ருசி இருக்கிறது. மூன்று காலத்துக்கும் வடிவம் மாறாத வினை அது: காஸ்ட், காஸ்ட், காஸ்ட். பிள்ளைகள் மறந்துபோவார்கள். ஆனால் வீச்சுவலைக்கு ஆங்கிலத்தில் 'காஸ்ட் நெட்' என்று சொன்னால் மறக்கமாட்டார்கள். வலையை வீசினாலும் காஸ்ட், அச்செழுத்தை வார்த்தாலும் காஸ்ட். நாம் ஒன்றுக்கு 'வீசு' என்றும் மற்றதற்கு 'வார்' என்றும் தனித்தனியாக வைத்திருக்கிறோம். கண்டுபிடிப்பில் அவர்கள் இரண்டு சொல் வைத்தார்கள், இங்கே நாம் இரண்டு வைத்திருக்கிறோம். கணக்கு நேர்.

போர்த்துக்கீசியர் கொண்டுவந்த பொருள்களோடு அவர்கள் சொல்லும் வந்து நம் வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, பீப்பாய், பேனா. தினம் காலையில் கரையில் மீனுக்கு விடுகிறோமே ஏலம், அதுவும் அவர்கள் சொல்தான். பொருள் வந்தால் கூடவே சொல் வரும். யாருடைய பொருளோ, அவர்களுடைய சொல்.

அப்படியானால் நம் பொருளோடு நம் சொல் போயிருக்க வேண்டுமே? போயிருக்கிறது. கட்டுமரம்.

பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி நம் கிழக்குக் கரையில் கட்டுமரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். அந்தச் சொல் 'கேட்டமரன்' ஆகி ஆங்கில அகராதியில் ஏறியது. ஆனால் இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் அவர்கள் மனசில் வருவது நம் மரம் இல்லை. இரண்டு ஓடங்களை இடைவெளி விட்டு இணைத்த படகு. 1876இல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்ற படகுக் கலைஞர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை ஓடப் பாய்மரப் படகைக் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளை எல்லாம் பின்னால் தள்ளினார். வேகம் அதிகம் என்பதாலேயே அந்த வகைப் படகைப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஜெயித்ததற்குத் தண்டனை! இன்று ஆஸ்திரேலியாவில் அலுமினியத்தில் கட்டும் அதிவேகப் பயணிகள் கப்பல்களுக்கும் 'கேட்டமரன்' என்றே பெயர்.

நம் கட்டுமரம் வேறு. லேசான மரத் தடிகளைச் செதுக்கி வரிசையாக வைத்துக் கயிற்றால் கட்டுவது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். மறுநாள் திரும்பக் கட்டுவார்கள். எங்கள் சிறுவயதில் ஆலந்தலைக் கரையில் மாலை நேரத்தில் பார்த்தால் மரம் மரமாகக் காய்ந்துகொண்டிருக்கும். ஓட்டை விழாது, கவிழ்ந்தாலும் மூழ்காது. ஓடமாக இருந்தால்தானே தண்ணீர் உள்ளே நிற்க! அலை அடித்து ஏறினால் இடுக்கு வழியாக வழிந்துவிடும். அலை உடையும் கரையில் வள்ளம் தடுமாறும் இடத்திலும் மரம் ஏறி இறங்கிவிடும்.

இலக்கணம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு விருந்து. கட்டுமரம் என்பது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம், மூன்று காலமும் அதற்குள் மறைந்திருக்கிறது. தினமும் அவிழ்த்துத் தினமும் கட்டுகிற ஒரு பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எப்படிக் கிடைக்கும்? இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் 'டைட் லாக்ஸ்' என்று இறந்தகாலத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். 'ஏரிக்கரை' மாதிரி எளிய தொகை என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இதைக் கேட்டதும் வீட்டுக்குப் போய் ஊறுகாய், சுடுசோறு என்று தேடித் தேடி எழுதி வந்தார்கள்.

'தி கட்டுமரம் வாஸ் இன்வென்டட் பை...' என்று எழுதிவிட்டு அந்தப் பையன் நிறுத்தினான். "பேரு தெரியாதே சார்?" பெயர் தெரியாதபோது 'பை' வேண்டியதில்லை என்பதுதான் செயப்பாட்டுவினையின் முதல் உபயோகமே. சக்கரத்துக்கும் பெயர் இல்லை, பாய்க்கும் பெயர் இல்லை, தூண்டில் முள்ளுக்கும் பெயர் இல்லை. காப்புரிமைப் பதிவேடு வைத்துக்கொண்ட பிறகுதான் மனிதர்கள் பெயரைத் தேட ஆரம்பித்தார்கள். அந்தப் பதிவேட்டிலும் தகராறு உண்டு. ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினை 'இன்வென்ட்' செய்யவில்லை. நியூகோமன் என்பவரின் எஞ்சின் 1712இலேயே சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. வாட் தனிக் குளிர்கலம் வைத்து அதை மேம்படுத்தி 1769இல் காப்புரிமை வாங்கினார். ஆகவே அங்கே எழுத வேண்டிய வினை 'இம்ப்ரூவ்டு'. மார்கோனிக்கு 1909இல் பிரவுன் என்பவரோடு சேர்த்து நோபல் கொடுத்தார்கள். ஆனால் 1895இலேயே ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் கம்பியில்லாமல் அலையை அனுப்பிக் காட்டியிருந்தார்.

நீராவி என்றதும் தூத்துக்குடிக்காரன் வ.உ.சி.யைச் சொல்லாமல் போக முடியுமா? 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது, 1907இல் காலியா, லாவோ கப்பல்கள் வந்தன, 1908இல் அவர் கைதானார். மூன்று வாக்கியம், மூன்றும் செயப்பாட்டில் எழுதலாம். 'ஹி வாஸ் அரெஸ்டட்' என்ற வாக்கியத்துக்கு மட்டும் 'பை' போட்டே ஆக வேண்டும் என்பேன். அங்கே பெயரை மறைக்கக் கூடாது.

முத்தையும் விட்டுவிடக் கூடாது. மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்குப் பின் சலாபம் இல்லை. ஆனால் 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அழகர்சாமி என்ற விஞ்ஞானி சிப்பிக்குள் மணியை வைத்து வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். இந்தியாவில் அது முதல் வெற்றி. ஜப்பானில் மிகிமோட்டோ 1893இலேயே அரைவட்ட முத்து எடுத்திருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லுவேன். 'எ பேர்ல் இஸ் ஃபார்ம்டு' என்றால் தானாக உண்டாவது. 'எ கல்ச்சர்டு பேர்ல் இஸ் ப்ரொட்யூஸ்டு' என்றால் கையால் உண்டாக்கியது. ஒரு முத்துக்குள் இரண்டு வினை.

எங்களுக்குத் தெற்கே குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 'இட் இஸ் பீயிங் பில்ட்', கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. நிகழ்காலத் தொடர் செயப்பாட்டுவினைக்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகவிடுவார்களா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகள் அதே கேள்வியை 'வில் தி போட்ஸ் பி ஸ்டாப்டு?' என்று எழுதினார்கள்.

இப்போது இந்தப் பாடம் எதற்கு என்பதற்கு வருகிறேன். கட்டுமரம் போய், கண்ணாடியிழைப் படகும் வெளிப்பொருத்து மோட்டாரும் வந்து நாளாகிவிட்டது. படகில் ஜிபிஎஸ் இருக்கிறது, வயர்லெஸ் இருக்கிறது, சிலரிடம் மீன் காட்டும் எக்கோ சவுண்டரும் இருக்கிறது. கருவியின் திரையில் வருவது பெரும்பாலும் ஆங்கிலம். பார்க்கிறவர் பெரும்பாலும் எட்டாவதோடு நின்றவர். கைப்பழக்கத்தில் ஓட்டுகிறார்கள். மூன்றாவது பொத்தான், அப்புறம் கீழே இரண்டு தட்டு, அவ்வளவுதான். எழுத்தைப் படிப்பதில்லை. வழக்கமான நாளுக்கு அது போதும்.

வழக்கமில்லாத நாளும் வருகிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது, நாட்கணக்கில் தங்கி மீன்பிடிக்க முன்பே ஆழ்கடல் போயிருந்த பலருக்கு எச்சரிக்கை எட்டவே இல்லை. படகு வயர்லெஸ் எட்டும் தூரத்தைத் தாண்டி அவர்கள் இருந்தார்கள். பக்கத்து மாவட்டக் கடற்கரை ஊர்களில் எத்தனை வீட்டில் ஆண்கள் திரும்பவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை என்ற பேச்சு வேகம் பிடித்தது. 2019இல் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. செயற்கைக்கோளிலிருந்து செய்தியை வாங்கி, புளூடூத் வழியே கைப்பேசிக்கு, நம் மொழியிலேயே காட்டும். ஆனால் செய்தி வரும், போகாது. படகிலிருந்து பதில் சொல்ல அதில் வழியில்லை. 'மெசேஜ் ரிசீவ்டு' உண்டு, 'மெசேஜ் சென்ட்' இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல், தகவல் போய்விட்டது என்று நம்பி ஒருவர் நடுக்கடலில் காத்திருந்தால் என்ன ஆகும்?

ஆகவே இப்போது என் சனிக்கிழமைப் பாடத்தில் கிரஹாம் பெல்லுக்கு முன்னால் ஜிபிஎஸ் திரை வருகிறது. பிள்ளைகள் அப்பாவின் கருவியைப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். 'வேபாயின்ட் சேவ்டு' என்று திரையில் வந்தால், அது 'தி வேபாயின்ட் ஹாஸ் பீன் சேவ்டு' என்பதன் சுருக்கம். இடம் பதிவாகிவிட்டது, இனிக் கவலையில்லை. 'சிக்னல் லாஸ்ட்' என்றால் தொடர்பு போய்விட்டது, காட்டுகிற இடத்தை நம்பாதே. துணைவினையை எல்லாம் விழுங்கிவிட்டுத்தான் இந்தக் கருவிகள் பேசும். முழு வாக்கியம் தெரிந்தவனுக்குத்தான் அதன் சுருக்கம் விளங்கும். இலக்கணம் எதற்கு என்று கேட்கிற பெற்றோருக்கு நான் காட்டுவது இதைத்தான்.

சில கருவிகளில் எம்.ஓ.பி. என்று மூன்றெழுத்து இருக்கும். 'மேன் ஓவர்போர்டு', ஆள் கடலில் விழுந்துவிட்டான் என்று அர்த்தம். அதில் வினைச்சொல்லே இல்லை, வினைச்சொல் தேடிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. அழுத்தின நொடியில் படகு இருந்த இடம் பதிவாகி, திரும்பிப் போக வழி காட்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆறு வருடமாக ஓடுகிற கருவியில் அந்த எழுத்து என்னவென்று யாரும் கேட்டதில்லை. ஏழாவது படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி அதைக் கேட்டு, எழுதிப் போய், அவள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை 'லோ பேட்டரி', 'ஆங்கர் அலாரம்', 'ஷாலோ வாட்டர்' மூன்றையும் எடுக்கப் போகிறோம். கடல் கருவி வைத்திருக்கும் நண்பர்கள் திரையில் வரும் மற்றச் சொற்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.